பாதியில் விடும் உரிமை: செந்துறை வட்டாரத்து இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தம்பி தங்கைகளே,

செந்துறை, பொன்பரப்பி, குழுமூர், இரும்புலிக்குறிச்சி, தளவாய், ஆலத்தியூர் என்று நம் தாலுக்காவின் ஊர்களில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கும் உங்களுக்குத்தான் இந்த மடல். மொழிபெயர்ப்பு, படங்களுக்கு வசன வரி எழுதுவது, வீடியோ எடிட்டிங், ஆட்டோகேட் வரைபடம், கோடிங், செயற்கை நுண்ணறிவுக்காகத் தரவுகளைப் பார்த்துக் குறியிடுவது என்று உங்கள் வேலைகள் பலவிதம். வேலை கொடுப்பவரின் முகத்தை உங்களில் பலர் பார்த்ததே இல்லை. வேலை மின்னஞ்சலில் வருகிறது. பணம் வங்கிக் கணக்குக்கு வருகிறது, சில மாதம் வராமலும் போகிறது. மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமுமாக நானும் இதே பிழைப்பில்தான் இருக்கிறேன்.

ஊர்க்காரன் என்ற உரிமையில் நீங்கள் என்னிடம் கேட்பவற்றில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஆறு மாதத்துக்கு ஒப்புக்கொண்டாயிற்று, இரண்டாவது மாதத்திலேயே மனசு விட்டுப்போயிற்று, சொன்ன வேலை ஒன்று, கொடுக்கிற வேலை வேறு, விட்டுவிடலாமா அண்ணா என்கிறீர்கள். அதையும் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்திக் கேட்கிறீர்கள். ஏதோ தவறு செய்துவிட்டவர்களைப் போல நிற்கிறீர்கள். அந்தத் தயக்கத்தைப் பார்த்துத்தான் இதை எல்லோருக்கும் தெரியும்படி எழுத நினைத்தேன்.

விடலாம். பாதியில் விடுவதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதற்கு ஒரு முறையும் இருக்கிறது. முறையோடு விட்டால் பெயர் கெடாது, பணமும் பெரும்பாலும் போகாது.

உங்களைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் ஒப்பந்தத் தாள் அல்ல, வீடு. “எடுத்த வேலையப் பாதியில வுட்டா நாளைக்கு எவன் நம்பிக் குடுப்பான்?” என்று அப்பா கேட்கிறார். அந்த வார்த்தையை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆலத்தியூரிலும் தளவாயிலும் சிமெண்ட் ஆலை வாசலில் ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை பார்த்தவர், செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு போனவர் அப்படித்தான் சொல்வார். பாதியில் நின்றால் அடுத்த சீசனுக்கு அழைக்க மாட்டார்கள். வாங்கிய முன்பணத்துக்கு மேஸ்திரி வீட்டு வாசலில் வந்து நிற்பார். அவருடைய வாழ்க்கை அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. ஆனால் அதற்கும் முந்தைய வரலாறு ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் நாணயம் என்ற பெயரில் இன்னும் இருப்பதில் ஒரு பங்கு, ஒருகாலத்தில் சிறைக்குப் பயந்த பயம்.

1859-இல் ஆங்கிலேய அரசு 13-ஆவது சட்டமாக ஒன்றைக் கொண்டுவந்தது. தொழிலாளியின் ஒப்பந்த மீறல் பற்றிய சட்டம் அது. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையைச் செய்யாமல் விட்டவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் வேலையை முடி என்று அவர் உத்தரவிடலாம். கீழ்ப்படியாவிட்டால் மூன்று மாதம்வரை கடுங்காவல். கொடுக்கல் வாங்கல் தகராறு ஒன்றைக் குற்றமாக்கிய சட்டம், அதுவும் தொழிலாளிக்கு மட்டும். கூலி கொடுக்காத முதலாளிக்கு அதில் சிறை கிடையாது. அறுபது ஆண்டுகளுக்கும் மேல் உயிரோடிருந்த அந்தச் சட்டத்தை ரத்து செய்ய 1925-இல்தான் இன்னொரு சட்டம் வந்தது.

கடல் கடந்து போனவர்களின் நிலை இதைவிட மோசம். நம் பகுதி அப்போது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. இலங்கையின் காபி, தேயிலைத் தோட்டங்களுக்கு ஆட்கள் அதிகம் போன மாவட்டங்களில் அதுவும் ஒன்று. அங்கே ‘துண்டு’ என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், இவ்வளவு கடனைக் கட்டினால் இவரை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டும், கடன் ஆளோடு சேர்ந்து இடம் மாறும். வேலை பிடிக்கவில்லை என்பதற்கு அங்கே மதிப்பே இல்லை. 1921-இல்தான் துண்டு முறை ஒழிந்தது.

பாலசுந்தரத்தின் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1894-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், கிழிந்த உடையும் ரத்தம் ஒழுகும் வாயுமாக, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி ஒப்பந்தக் கூலியான ஒரு தமிழர் இளம் வக்கீல் காந்தியின் முன் வந்து நின்றார். முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்திருந்தன. காந்தி அவரை மருத்துவரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்று வாங்கினார், மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப் போனார், முதலாளிக்குச் சம்மன் போயிற்று. ஆனால் முதலாளியைத் தண்டிப்பதில் காந்தி குறியாக இல்லை. பாலசுந்தரத்தை அந்த ஒப்பந்தத்திலிருந்து வெளியே கொண்டுவருவதுதான் அவர் தேடிய வழி. அங்கிருந்த சட்டப்படி சாதாரண வேலைக்காரர் சொல்லாமல் நின்றுவிட்டால் சிவில் வழக்குதான். அதையே ஒப்பந்தக் கூலி செய்தால் கிரிமினல் வழக்கு, சிறை. அதனால் காந்தி முதலாளியிடம் பேசி ஒப்பந்தத்தை இன்னொருவர் பெயருக்கு மாற்றச் சம்மதிக்க வைத்தார், புதிய முதலாளியையும் தானே தேடிக் கண்டுபிடித்தார். அடித்தவனிடமிருந்து விலகுவதற்கே அத்தனை பாடு. 1896 அக்டோபரில் சென்னை பச்சையப்பன் மண்டபத்தில் காந்தி பேசியபோது, பாலசுந்தரத்துக்கு நேர்ந்தது கேட்டவர்களை உலுக்கியது.

இதையெல்லாம் நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. வேலையைப் பாதியில் விட முடிவது சோம்பேறிகளுக்குக் கிடைத்த சலுகை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதை நம்மவர்கள் அடிபட்டுப் பெற்றார்கள். அது இல்லாத காலத்தில் வேலைக்கும் அடிமைத்தனத்துக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கவில்லை.

இன்றைய சட்டத்துக்கு வருகிறேன். உங்கள் கையில் இருக்கும் தாளை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் ஆள்கிறது. ஒப்பந்தத்தை மீறுவது சிவில் விவகாரம். நீங்கள் பாதியில் விட்டதால் எதிர்த்தரப்புக்கு உண்மையாக நட்டம் வந்திருந்தால் அந்த நட்டத்தைக் கேட்டு அவர்கள் வழக்குப் போடலாம், அவ்வளவுதான். முதல் நாளிலிருந்தே ஏமாற்றும் எண்ணத்தோடு பணம் வாங்கியிருந்தால் கதை வேறு. நேர்மையாகத் தொடங்கி, நேர்மையாகச் சொல்லிவிட்டு விலகியவரைப் போலீஸ் கேஸ் என்று மிரட்டுவது வெறும் மிரட்டல். உட்கார்ந்து இந்த மொழிபெயர்ப்பை முடி, இந்த வீடியோவை எடிட் செய் என்று உங்களைக் கட்டாயப்படுத்தவும் நீதிமன்றம் உத்தரவிடாது. ஒருவரின் சொந்தத் திறமையை நம்பிய ஒப்பந்தத்தை அப்படி வலிந்து நிறைவேற்ற முடியாது என்று 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் சொல்கிறது.

‘பாதியில் விலகினால் ஒரு லட்சம் அபராதம்’ என்று தாளில் இருந்தால்? அந்தத் தொகை அப்படியே உங்கள் தலையில் விழும் என்று நினைக்காதீர்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி அந்தத் தொகை ஓர் உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் நீதிமன்றம் தரும். இழப்பே இல்லாத இடத்தில் இழப்பீடும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2015-இல், கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் வழக்கில் தெளிவாகவே சொன்னது. ஆனால் இதைப் படித்துவிட்டுத் தாளைத் தூக்கி எறிந்துவிடவும் வேண்டாம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் அதே நீதிமன்றம், மூன்று ஆண்டுக்குள் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் விலகியவர் அரசு வங்கியின் நிரந்தர அதிகாரி. ஆள் எடுப்பதற்கு வங்கி செய்யும் செலவும் மெனக்கெடலும் அங்கே கணக்கில் வந்தன. உங்கள் நிலை அதுவல்ல. ஆனாலும் கையெழுத்துக்கு மதிப்பு இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

விலகிய பிறகு இரண்டு ஆண்டுக்கு வேறு எங்கும் இதே வேலையைச் செய்யக் கூடாது என்ற வரியைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். ஒப்பந்தம் நடக்கும் காலத்தில் அப்படிக் கட்டுப்படுத்தலாம், முடிந்த பிறகு ஒருவரின் தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் 27-ஆவது பிரிவின்படி செல்லாது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானை ஒரு நிறுவனம் ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் பிடித்துவைக்கப் பார்த்தபோது 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான். அதே சமயம், வேலையில் நீங்கள் தெரிந்துகொண்ட அந்த நிறுவனத்தின் ரகசியங்களை வெளியே சொல்லக் கூடாது. விலகினாலும் அந்தக் கடமை தொடரும்.

சட்டத்தைவிடக் கடினமான கேள்வி வேறு ஒன்று இருக்கிறது. விட வேண்டுமா?

ஏமாற்றங்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. இதை நீங்கள் பிரித்துப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம். ஒரு தங்கை கணக்குப் பாடப்புத்தக மொழிபெயர்ப்பு என்று சொல்லி ஒப்புக்கொண்டார், கடைசியில் கணினி மொழிபெயர்த்த குப்பையைத் திருத்தும் வேலையை, சொன்ன விலையில் பாதிக்குத் தந்தார்கள். அங்கே ஒப்பந்தத்தை மீறியது அந்தத் தங்கை அல்ல, கொடுத்தவர்கள். மூன்று மாதமாகப் பணம் வரவில்லை என்றாலும் அப்படியே. அவர்கள் மீறிய ஒப்பந்தத்திலிருந்து நீங்கள் விலகுவதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் வேலை சொன்னபடியே இருக்கிறது, பணமும் வருகிறது, சலிப்பாக மட்டும் இருக்கிறது என்றால் விலகுவது உங்கள் விருப்பம், அதன் பொறுப்பும் உங்களுடையது. அங்கே எதிர்த்தரப்புக்கு நீங்கள் கடமைப்பட்டிருக்கிறீர்கள். முடிந்தவரை அவர்கள் தவிக்காதபடி வெளியே வர வேண்டும். ஒரு பதிப்பகத்தின் புத்தகம் அச்சுக்குப் போகும் வாரத்தில், ஒரு சின்ன நிறுவனம் தன் செயலியை வெளியிடும் நாளில் கைவிடுவது நியாயம் ஆகாது. இன்னும் பத்து நாள் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள் என்றுதான் அங்கே சொல்வேன்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதில் நான் ஒரு நாளும் பொறுத்திருக்கச் சொல்ல மாட்டேன். வேலையே உங்கள் மனத்தைக் கெடுக்கும் வகை அது. 2023 ஜனவரியில் டைம் இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. கென்யாவின் நைரோபியில் சாமா என்ற நிறுவனத்தின் தொழிலாளர்கள், ஓப்பன்ஏஐ நிறுவனத்துக்காக வன்முறையும் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையும் நிறைந்த எழுத்துகளைப் படித்துக் குறியிட்டார்கள். கையில் கிடைத்தது மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைவு. படித்தவர்களின் தூக்கம் போனது, குடும்பம் கெட்டது. கடைசியில் 2022 பிப்ரவரியில், குறித்த காலத்துக்கு எட்டு மாதம் முன்பே, சாமா அந்த வேலையிலிருந்து விலகிக்கொண்டது. ஒரு கம்பெனி தனக்கு ஒத்துவரவில்லை என்று எட்டு மாதம் முன்பே வெளியேறுகிறது, உலகம் அதை வியாபார முடிவு என்கிறது. நம் ஊர்ப் பிள்ளை அதையே செய்தால் மட்டும் ஏன் அவனுக்கு நிலையாக நிற்கத் தெரியாது என்கிறோம்? அதே செய்தியின் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அந்த முடிவை எடுத்தது நிறுவனம். கீழே இருந்தவர்களில் பலர் குறைந்த சம்பள வேலைக்கு மாற்றப்பட்டார்கள், சிலருக்கு வேலையே போனது. அதனால்தான் சொல்கிறேன், விலகும் முடிவை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், விலகினால் அடுத்த இரண்டு மாதத்துக்குக் கஞ்சிக்கு வழி இருக்கிறதா என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

நம்மிடம் சென்னைப் பிள்ளைகளுக்கு இருக்கும் வசதி இல்லை. ஒரு வேலையை விட்டால் பக்கத்துத் தெருவில் இன்னொரு அலுவலகம் கிடையாது. வீட்டிலிருந்து செய்யும் வேலை என்பதால் மட்டும் அனுமதி கிடைத்த தங்கைகள் இருக்கிறார்கள். இதை விட்டால் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும் என்று ஒருத்தி சொன்னதைக் கேட்டு நான் பதில் பேச முடியாமல் இருந்தேன். அவளுக்கு எளிதாக ‘விட்டுவிடு’ என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. வேண்டாத வேலையில் இருந்துகொண்டே அடுத்ததைத் தேடுவதில் அவமானம் ஒன்றும் இல்லை. வரவேண்டிய பணம் கைக்கு வரும்வரை காத்திருந்து விலகுவதும் சரியான புத்திதான்.

விட முடிவு செய்துவிட்டால் சொல்லிவிட்டு விடுங்கள். நம் பிள்ளைகளிடம் நான் காணும் பெரிய குறை இதில்தான். போனை எடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள், வாட்ஸ்அப்பில் அந்த எண்ணைத் தடுத்துவிடுகிறார்கள், இரண்டு வாரம் கழித்து அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வரி எழுதுகிறார்கள். எதிரில் இருப்பவர் எவ்வளவு அநியாயக்காரராக இருந்தாலும் இதைச் செய்யாதீர்கள். இது உங்கள் நியாயத்தை நீங்களே அழிப்பது. நாளை பாக்கிப் பணம் கேட்கும்போது, சொல்லாமல் ஓடிப்போனவர் என்ற ஒரு சொல் போதும் உங்கள் வாயை அடைக்க.

தாளில் அறிவிப்புக் காலம் பதினைந்து நாள் என்றிருந்தால் பதினைந்து நாள் கொடுங்கள். எதுவும் இல்லை என்றாலும் ஒரு நியாயமான கெடு கொடுங்கள். போனில் பேசினாலும் பிறகு மின்னஞ்சலில் எழுதுங்கள். கடிதம் இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

“ஐயா, தங்களிடம் ஒப்புக்கொண்ட மொழிபெயர்ப்புப் பணியிலிருந்து இம்மாதம் 30-ஆம் தேதியோடு விலகிக்கொள்கிறேன். முடித்த நான்கு அத்தியாயங்களை இத்துடன் அனுப்பியுள்ளேன். கையில் இருக்கும் ஐந்தாம் அத்தியாயத்தை 20-ஆம் தேதிக்குள் முடித்துத் தருவேன். அடுத்து செய்பவருக்கு உதவும்படி கலைச்சொல் பட்டியலையும் சேர்த்திருக்கிறேன். முடிந்த பணிக்கான பில் இணைப்பில் உள்ளது. அன்புடன்...”

இதில் குற்றச்சாட்டு இல்லை, நீண்ட விளக்கம் இல்லை, பொய்யும் இல்லை. காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்றால் உண்மையை ஒரு வரியில் எழுதுங்கள்: ‘ஒப்புக்கொண்ட பணிக்கும் இப்போது வரும் பணிக்கும் வேறுபாடு இருப்பதால்.’ கோபத்தில் எழுதியதை அன்றே அனுப்பாதீர்கள். அவர்களின் கோப்புகளையும் கடவுச்சொற்களையும் பிடித்துவைத்துப் பேரம் பேசாதீர்கள். அழித்துவிட்டு வருவது அதைவிடப் பெரிய தவறு, அது கிரிமினல் வழக்காகவே திரும்பலாம்.

பணத்துக்கு வருவோம். பாதியில் விட்டவருக்குப் பைசா கிடையாது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் ஆழ்துளைக் கிணறு போடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அடிக்கு இவ்வளவு என்று பேசுகிறோம். நானூறு அடியில் தண்ணீர் இல்லை, பாறை மட்டும் வருகிறது, நிறுத்திவிடலாம் என்று முடிவானால், போட்ட அடிக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்து வண்டியை அனுப்புகிறோம். ஆயிரம் அடி போட்டால்தான் பணம் என்று எந்த விவசாயியும் சொல்வதில்லை. இலவசமாகச் செய்வதாக எண்ணாமல் ஒருவர் செய்து கொடுத்த வேலையின் பலனை அனுபவித்தவர் அதற்கு ஈடு தர வேண்டும் என்பதை ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவும் ஏற்கிறது. அதனால் அடுத்த முறை ஒப்பந்தம் போடும்போதே அடிக்கணக்கு போல எழுதி வாங்குங்கள். இத்தனை பக்கம் முடிந்தால் இவ்வளவு, இத்தனை நிமிட வீடியோவுக்கு இவ்வளவு என்று கட்டம் கட்டமாகப் பணம். மொத்தமும் முடிந்த பிறகுதான் என்ற வரிக்குச் சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள்.

வேலை கொடுப்பவர் இந்திய நிறுவனமாக இருந்தால் உங்களுக்கு இன்னொரு கருவி இருக்கிறது, நம்மில் மிகச் சிலரே பயன்படுத்துவது. மத்திய அரசின் உத்யம் தளத்தில் உங்களைக் குறுந்தொழிலாகப் பதிந்துகொள்ளலாம். கட்டணம் கிடையாது, ஆதாரும் பான் எண்ணும் போதும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, பதிவு செய்தவரிடம் வேலையை வாங்கிக்கொண்டவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. புகாரை இணையத்திலேயே கொடுக்கலாம். தமிழ்நாட்டில் இதற்கான வசதியாக்க மன்றங்கள் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய ஊர்களில் இருக்கின்றன. மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து மேலே போக வேண்டுமென்றால் பணம் தர வேண்டியவர் முக்கால்வாசித் தொகையை முதலில் கட்ட வேண்டும். வேலை தொடங்கும் முன்பே பதிந்துவிடுங்கள், பின்னால் பதிந்தால் வழக்கில் அதுவே தகராறாகும். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் இது செல்லாது. அங்கே பணத்தை முன்கூட்டியே இடைத்தளத்தில் கட்டிவைக்கச் சொல்வது ஒன்றே பாதுகாப்பு. நியூயார்க் நகரம் 2017 மே மாதத்திலிருந்து, 800 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள தனிப்பணிக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், தேதி குறிக்காவிட்டால் வேலை முடிந்த 30 நாளில் பணம் என்று சட்டமே வைத்திருக்கிறது. அதுபோல் ஒன்று இங்கேயும் வர வேண்டும். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் தோழர்களுக்காகத் தமிழ்நாடு 2023-இல் நலவாரியம் அமைத்தது நல்ல காரியம். மடிக்கணினியோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் உங்களையும் அரசு பார்க்க வேண்டும்.

நீங்கள் எழுதிய எழுத்தும், மொழிபெயர்ப்பும், நிரலும் உங்களுடையவை என்பதையும் நினைவில் வையுங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நிறுவனத்தின் ஊழியராக இல்லாமல் தனியாகச் செய்து தருபவரின் படைப்புக்கு முதல் உரிமையாளர் அவர்தான். எழுத்தில் மாற்றிக் கொடுத்தால் மட்டுமே அது மற்றவருக்குப் போகும். காசு கொடுத்து எடுக்கச் சொல்லும் புகைப்படம், திரைப்படம் போன்ற சிலவற்றுக்கு இது பொருந்தாது. ஆகவே பணம் முழுதும் வந்த பிறகே உரிமை மாறும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வது மொழிபெயர்ப்பாளர்களுக்கும் நிரல் எழுதுபவர்களுக்கும் மிகவும் நல்லது.

இன்னொன்றைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. டேட்டா என்ட்ரி வேலை என்ற பெயரில் ஒரு கொடுமை நாடு முழுக்க நடக்கிறது. வீட்டிலிருந்தே படிவம் நிரப்பினால் வாரம் பல ஆயிரம் என்பார்கள். முத்திரைத்தாள் போலத் தெரியும் ஒன்றை அனுப்பிக் கையெழுத்து வாங்குவார்கள். யாராலும் எட்ட முடியாத துல்லியத்தைக் கேட்பார்கள், முடித்துக் கொடுத்தால் பிழை அதிகம் என்பார்கள். பாதியில் விலகினால், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், இத்தனை ஆயிரம் கட்டுங்கள், இல்லாவிட்டால் கோர்ட், கைது என்று வக்கீல் பெயரில் நோட்டீஸ் வரும். நோட்டீஸ் போலி, வக்கீலும் போலி. இரவில் போன் செய்து அழவைப்பார்கள். நம் பெண்கள் வீட்டில் சொல்லப் பயந்து நகையை அடகுவைத்துக் கட்டிவிடுகிறார்கள். 1859-இன் சட்டம் செத்து ஏறத்தாழ நூறாண்டு ஆகிறது. அது நம் மனத்தில் விட்டுச்சென்ற பயத்தை வைத்து இவர்கள் பிழைக்கிறார்கள். ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், அது சைபர் குற்றங்களுக்கான உதவி எண். வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். உண்மையான நோட்டீஸ்தானா என்று தெரியாவிட்டால், அரியலூரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணும் இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பாராமல் அங்கே சட்ட உதவி இலவசம்.

நியாயமாக வரவேண்டிய பாக்கியை வசூலிக்க வழக்குப் போடச் சட்டம் மூன்று ஆண்டு அவகாசம் தருகிறது. சின்னத் தொகைதானே, போனால் போகட்டும் என்று விட்டுவிடாதீர்கள். வரி பிடித்திருந்தால் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்ப வாங்குங்கள். அதுவும் உங்கள் உழைப்பு.

வீட்டில் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை ஒரு வேலையை விட்டுவிட்டு வந்து நின்றால், ஏன் விட்டாய் என்று கேட்பதற்கு முன், சொல்லிவிட்டு வந்தாயா, செய்த வேலைக்குப் பணம் கேட்டாயா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆமாம் என்று சொல்கிற பிள்ளை நாணயமான பிள்ளை. அவனை நம்பி வேலை கொடுக்க ஆள் இருக்கும்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். விலகும்போது யோசனை கேட்டு வருகிற நீங்கள், சேரும்போது வருவதில்லை. பெரும்பாலான சங்கடங்கள் அந்தக் கையெழுத்தில்தான் தொடங்குகின்றன. அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளை அச்செடுத்துக் கொண்டு செந்துறைக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஊரில்தான் இருக்கிறேன். நான் வக்கீல் அல்ல, ஆனால் நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து சத்தமாகப் படித்தால் எந்த வரி யாருக்குச் சாதகம் என்பது தெரிந்துவிடும். இரு தரப்பும் பதினைந்து நாள் அறிவிப்பு கொடுத்து விலகலாம், அதுவரை முடித்த வேலைக்குப் பணம் உண்டு என்ற வரி அதில் இல்லை என்றால், எழுதிச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். சேர்க்க மறுப்பவரிடம் வேலைக்குச் சேராதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர் அண்ணன்
செந்துறை